ரிமோட் டெஸ்க்டாப்: 'எட்டத்திரை' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ரிமோட் டெஸ்க்டாப் என்பது வேறிடத்தில் இருக்கும் கணினியின் திரையை இங்கிருந்தே பார்த்து இயக்கும் வசதி. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை தொலைநிலை மேசைத்தளம், தொலைமேசை, சேய்மைத்திரை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான்காவதாக 'எட்டத்திரை' என்பதை முன்வைக்கிறேன். இது நான் உட்கார்ந்து யோசித்த சொல் இல்லை, என் அக்கா வாயிலிருந்து வந்தது.

அக்கா குடியாத்தத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துத் தருகிறாள். கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளம். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு, நான் இருப்பதோ காட்பாடியில். ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற முடியாது என்று, தள்ளி இருக்கும் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையவைக்கும் எஸ்எஸ்ஹெச் போட்டு வைத்தேன். பாதி வேலை முனையத்திலேயே (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல்) முடிந்துவிடும். அதில் ஓடும் கோப்பு மேலாண்மை நிரலான மிட்நைட் கமாண்டரைத் திறந்தால் நீலப் பின்னணியில் இரண்டு பட்டியல்கள்: இடப்பக்கம் இந்த மாதப் பத்திரிகைகள், வலப்பக்கம் காப்பு வட்டு. இன்செர்ட் விசையால் கோப்புகளைக் குறித்துவிட்டு எஃப்5 அழுத்தினால் நகல், எஃப்6 அழுத்தினால் இடமாற்றம். போய்வருவது வெறும் எழுத்துகள் என்பதால் இணைப்பு மந்தமாக இருந்தாலும் பாதகமில்லை.

ஆனால் 'பெயருக்குக் கீழே கோடு தள்ளி நிற்குது' என்று அக்கா சொன்னால் அதைக் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்குத்தான் விஎன்சி என்ற ரிமோட் டெஸ்க்டாப் முறை. முதலில் அதன் ஒரு வகையான டைகர்விஎன்சி நிறுவி, அதிலுள்ள விஎன்சிசர்வரை ஓட்டினேன். எனக்கு ஒரு திரை வந்தது, அதில் அக்கா திறந்து வைத்திருந்த எதுவும் இல்லை. அது தனியாக ஒரு புதுத் திரையை உருவாக்கி 5901ஆம் துறையில் (போர்ட்) காட்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அக்கா பார்த்துக்கொண்டிருக்கும் அதே திரை வேண்டுமென்றால் எக்ஸ்11விஎன்சி என்ற வேறு நிரல். அதை ஓட்டி நான் சுட்டியை நகர்த்தியதும் போனில் அவள் குரல்: "எட்ட உக்காந்துக்கினே என் மவுசை நகத்துறியேடா!"

எட்ட. அந்தச் சொல்லை எண்ணிப் பாருங்கள். 'எட்ட நில்லு' என்றால் தள்ளி நில். 'கைக்கு எட்டுது' என்றால் தொட முடிகிறது. தூரமும் தொடுதலும் ஒரே வேரில் இருக்கின்றன. இந்த நுட்பம் செய்வதும் அதைத்தானே? தள்ளி இருப்பதைக் கைக்கு எட்டவைக்கிறது. 'தொலை' தூரத்தை மட்டும் சொல்கிறது. தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் மாற்றச் சொல்லவில்லை, அவை நிலைத்துவிட்ட சொற்கள். புதிதாக வைக்கும் இடத்தில் இதைவிட நெருக்கமான சொல் கையில் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது மேசையா, திரையா என்பது. விஎன்சி பயன்படுத்தும் நெறிமுறையின் பெயரே ரிமோட் ஃப்ரேம்பஃபர். ஃப்ரேம்பஃபர் என்றால் திரையில் தெரியும் படத்தை வைத்திருக்கும் நினைவகம். 2011இல் வந்த ஆர்எஃப்சி 6143 என்ற இணைய ஆவணம் அந்த நெறிமுறையை விவரிக்கிறது. அங்கிருந்து திரையின் மாறிய பகுதிகள் செவ்வகம் செவ்வகமாக வருகின்றன, இங்கிருந்து விசையழுத்தமும் சுட்டி அசைவும் போகின்றன. மேசை என்று எதுவும் நகரவில்லை. நான் முதலில் தடுமாறிய அந்தப் புதுத் திரைக்கும் அக்காவின் சொந்தத் திரைக்கும் 'திரை' பொருந்துகிறது.

'எட்டத்து இரை' என்று பிரித்துப் படிப்பார்களே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். சின்னத்திரையை யாராவது 'சின்னத்து இரை' என்று படிக்கிறோமா? எட்டம் என்ற பெயர்ச்சொல்லோடு திரை சேர்ந்தால் மகரம் கெட்டு எட்டத்திரை. மரம், பலகை சேர்ந்து மரப்பலகை ஆவது போலத்தான்.

டனலுக்கு, அதாவது ஓர் இணைப்பை இன்னொரு பாதுகாப்பான இணைப்புக்குள் அனுப்பும் வழிக்கு, சுரங்கவழி என்று ஏற்கெனவே பேசியாகிவிட்டது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. விளக்கம் எழுதுபவர்கள் ஒன்றை மட்டும் விடாமல் சேருங்கள். விஎன்சியின் பழைய கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளைத்தான் பார்க்கும், போகும் தரவும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) ஆகாது. அதனால் விஎன்சியின் வழக்கமான 5900ஆம் துறையை வெளியே திறந்துவிடக் கூடாது. வேலூர்க்காரர்களுக்குக் கோட்டையைக் காட்டிச் சொன்னால் உடனே புரிகிறது: சுற்றிலும் அகழி, வாசலில் எஸ்எஸ்ஹெச், எட்டத்திரை அதன் வழியாகத்தான் வர வேண்டும்.

அப்புறம், மிட்நைட் கமாண்டர் போன்றவற்றுக்கான 'முனையக் கோப்பு மேலாளர்' என்ற பெயர் பற்றி. மேலாளர் என்றால் எனக்கு வங்கியில் உட்கார்ந்திருக்கும் மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். உலாவி, செயலி வரிசையில் 'கோப்படுக்கி' என்று சொல்லலாம். முனையத்தில் ஓடுவது முனையக் கோப்படுக்கி. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

எட்டத்திரையில் மட்டும் பிடிவாதம் இருக்கிறது. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று இரவு மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்தச் சொல் வரும் வரிகளை நிரப்ப உட்காருகிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து