மறுமொழி: மெர்ஜ் என்பதற்கு ‘ஒன்றிணை’ சரி, ஆனால் ‘தாய்ப்படி’யும் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே கோப்பை இருவர் தனித்தனியாகத் திருத்தியபின் அந்தத் திருத்தங்களை ஒரே கோப்பில் சேர்ப்பதே மெர்ஜ். கணினித் தமிழில் அதற்கு ‘இணைப்பு’ போதும் என்று இந்த இழையில் சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லிங்க் இணைப்பு, கனெக்‌ஷன் இணைப்பு, மடலோடு வரும் அட்டாச்மென்ட்டும் இணைப்பு. ‘இணைப்பில் பிழை’ என்று திரையில் வந்தால் வயரைப் பார்ப்பதா, கோப்பைப் பார்ப்பதா? ‘ஒன்றிணை’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. வினையாகவும் நிற்கும், ‘ஒன்றிணைப்பு’ என்று பெயராகவும் வரும்.

நான் இருப்பது பாலக்காட்டுச் சித்தூர் வட்டம் (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல). இங்கே மலையாளத்தில் ‘லயிப்பிக்குக’ என்கிறார்கள், தெலுங்கில் ‘விலீனம்’ உண்டு. இரண்டும் அந்தந்த மொழியில் நன்றாக உட்கார்ந்திருக்கின்றன. தமிழில் லயித்தல் என்றால் பாட்டுக் கச்சேரிதான் நினைவுக்கு வரும். ஆகவே நமக்கு வேண்டாம்.

என் கவலையெல்லாம் இன்னொரு சொல்லைப் பற்றி. ‘பேஸ்’ என்கிறார்களே, இருவரும் திருத்தத் தொடங்குமுன் இருந்த பொதுவான படி, அதற்கு நாம் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை. அது இல்லாமல் மெர்ஜை யாருக்கும் விளக்கவே முடியாது.

ஒரே கோப்பை நீங்களும் நானும் தனித்தனியாக மாற்றுகிறோம். என் படியில் ஒரு வரி இருக்கிறது, உங்கள் படியில் இல்லை. அந்த வரியை நான் சேர்த்தேனா, நீங்கள் நீக்கினீர்களா? கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கட்டளையிடம் இரண்டு படிகளை மட்டும் கொடுத்தால், வேறுபாடு இருக்கிறது என்று சொல்லும். எது சேர்ப்பு, எது நீக்கம் என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் நாம் இருவரும் எந்தப் படியிலிருந்து கிளம்பினோமோ அதையும் கொடுக்க வேண்டும். 1979இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே மூன்று கோப்புகளை ஒப்பிடும் டிஃப்3 கட்டளை இதற்காகத்தான் இருந்தது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இன்றைய கிட் மென்பொருளின் மெர்ஜ்-ஃபைல் கட்டளையும் மூன்று பெயர்களைக் கேட்கிறது: முதலில் என்னுடையது, நடுவில் பழையது, கடைசியில் உங்களுடையது. நடுவில் வேறு கோப்பின் பெயரைப் போட்டுவிட்டால் கட்டளை கேள்வி கேட்காது. பேசாமல் தப்பான விளைவைத் தரும். அதனால் நடுவில் இருக்கும் அந்தக் கோப்புக்குப் பளிச்சென்று ஒரு பெயர் வேண்டும்.

நிலம் வாங்கி விற்பவர்களிடம் அந்தப் பெயர் இருக்கிறது. எங்கள் ஊரில் பத்திரத்தை ஆதாரம் என்போம், அதற்கு முந்தையது முன்னாதாரம். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் அதுவே தாய்ப்பத்திரம். வேலித் தகராறில் பங்காளிகள் இருவரும் தத்தம் பத்திரத்தை நீட்டுவார்கள். பிரிவதற்கு முன் நிலம் எப்படிக் கிடந்தது என்பதைத் தாய்ப்பத்திரம்தான் சொல்லும். பேஸின் வேலையும் அதுவே. ஆகவே ‘தாய்ப்படி’. முன்னாதாரம் எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் தமிழ்நாட்டில் ஆதாரம் என்றால் சான்று. மூலப்படி என்றால் மூலநிரலோடு (சோர்ஸ் கோட்) குழம்பும்.

இப்படித் தாய்ப்படியையும் வைத்துச் செய்யும் த்ரீ-வே மெர்ஜுக்கு ‘முக்கூடல்’ என்று ஒரு முன்மொழிவு வந்திருந்தது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று ஆறுகள் இங்கே கூடவில்லை. படிப்பது மூன்று கோப்பு, ஒன்றிணைவது இரண்டு பேரின் மாற்றங்கள் மட்டும். ‘தாய்ப்படி ஒன்றிணைப்பு’ என்றால் விஷயம் நேராக வந்துவிடும்.

அப்புறம் கான்ஃப்ளிக்ட்: ஒரே இடத்தை இருவரும் வேறு வேறாக மாற்றியிருந்தால் கருவி முடிவெடுக்காமல் நின்றுவிடுவது. ‘மோதல்’ வேண்டாம், ஹாஷ் கொலிஷனுக்கு (இரண்டு வேறு தரவுகளுக்கு ஒரே சுருக்க எண் வருவது) அது தேவைப்படும். ‘முரண்’ பலருக்குப் பிடித்திருக்கிறது. கருவி என்ன செய்கிறது என்று பார்த்தால் அது பொருந்தவில்லை. ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பில் எனக்கு வந்தது இது:

<<<<<<< எனது
கொடு
=======
கொடு
>>>>>>> உங்களது

கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யுனிகோடில் ‘கொ’வை எழுத ‘ொ’ என்ற ஒரே குறியைப் போடலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் போடலாம். யுனிகோடின் விதிப்படி இரண்டும் சமம். கருவியோ பைட்டுகளை ஒப்பிடுகிறது, அதற்கு இவை வேறு வேறு. இங்கே யார் யாரோடு முரண்படுகிறார்கள்? மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்பில் வரும் ‘கடைசியாகத் திருத்திய தேதி’ வரியும் இப்படித்தான். இருவரும் திருத்தியிருந்தால் அந்த வரியில் கருவி நின்றுவிடும். இரண்டு தேதிகளும் உண்மை, ஆனாலும் தீர்த்து வைக்க ஓர் ஆள் தேவை. எனவே ‘பிணக்கு’ என்கிறேன். மலையாளத்தில் பிணக்கம் வீட்டுக்குள் தினமும் புழங்கும் சொல். ஈழத்து நண்பர்களுக்கும் தொழிற்பிணக்கு பழக்கமானது. ‘பிணக்கைத் தீர்’ என்று வினையும் கையோடு வருகிறது.

கிட்டில் பிணக்கைக் காட்டும் பாணியை டிஃப்3 என்று மாற்றி வைத்தால் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ‘|||||||’ குறியிட்டு மூன்றாவதாக ஒரு பகுதி வரும். அது தாய்ப்படியில் இருந்த வரி. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் புழக்கத்துக்கு வந்து நெடுநாள் ஆகிறது, எங்கள் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளிலும் அதுதான். அந்தப் பிள்ளைகள் கட்டளைத் திரைக்கு வரும்போது தமிழில் சொல் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இல்லாவிட்டால் மலையாளச் சொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

திரைச்செய்திகள் இரண்டை எழுதிப் பார்த்தேன்:

பிணக்கு (உள்ளடக்கம்): ‘பாடம்’ கோப்பை ஒன்றிணைப்பதில் பிணக்கு.

தானாக ஒன்றிணைக்க முடியவில்லை. பிணக்குகளைத் தீர்த்தபின் விளைவைப் பதியவும்.

இரண்டாவதில் கமிட்டுக்கு (மாற்றங்களைக் கிட்டில் நிலையாகச் சேமிப்பது) ‘பதி’ என்று போட்டிருக்கிறேன். ‘பதிவேற்று’, ‘பதிவிறக்கு’ இரண்டோடும் அது உரசுகிறது. வேறு சொல் இருந்தால் தனி இழையில் எழுதுங்கள். தாய்ப்படிக்கும் பிணக்குக்கும் மறுப்பு இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.