பயிற்சி ஆட்டத்தில் 24-43 தோல்வி: பொங்கலுக்கு முன்னால் பையனை மாற்றணுமா?

நாங்குநேரிக்காத்து:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நாங்குநேரிக்கும் களக்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது. காணும் பொங்கல் ராத்திரி ஊரில் மின்னொளி கபடி, அதற்கு இன்னும் மூணு வாரம்தான். போன வருஷம் அரையிறுதி வரை போன அணி என்பதால் இந்த வருஷம் சுழற்கோப்பை நமக்குத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், போன ஞாயிறு பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு கல்லூரி அணியோடு பயிற்சி ஆட்டம் ஆடினோம். மண்ணில் இல்லை, மேட் விரிப்பில் ஆட்டம். 24-43. இரண்டு முறை ஆல் அவுட், அதாவது ஏழு பேரும் வெளியே.

தோற்றது கூடப் பரவாயில்லை. திரும்பி வருவதற்குள் டீக்கடையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. புதிதாக ஒரு பையனை ரைடராக இறக்கினோம், வயது 19, வாழைத்தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சிக்கு வருகிறவன். இரண்டாம் பாதியில் 11 முறை பாடிப் போனான், 6 முறை பிடிபட்டான், எடுத்தது 2 புள்ளி. அவனை உட்கார வைத்துவிட்டு தூத்துக்குடிப் பக்கம் இருந்து ஒரு ஆளைக் காசு கொடுத்து இறக்கலாம் என்கிறது விழாக் கமிட்டி. ஐயாயிரம் ரூபாய், தங்க இடம், கறிச்சோறு. பையன் மூணு நாளாகக் களத்துப் பக்கமே வரவில்லை.

நான் கேட்பது இதுதான். ஒரு பயிற்சி ஆட்டத்தின் முடிவை வைத்து இப்படி முடிவெடுக்கலாமா? உங்கள் ஊர் அணிகளில் என்ன செய்வீர்கள்?

பொருநைக்கரையான்:
இடைவேளையில் ஸ்கோர் என்ன? முதலில் அதைச் சொல்லும்.

நாங்குநேரிக்காத்து:
15-17. இரண்டு புள்ளிதான் பின்னால் இருந்தோம். அதற்கப்புறம் நாலு பேரை மாற்றினோம். இடது ஓரத்தில் நின்று பிடிக்கிற எங்கள் லெஃப்ட் கார்னர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், லீவு கிடைக்காததால் அவன் முதலிலேயே வரவில்லை. வலப்பக்கம் பிடிக்கிற ரைட் கவருக்கு விரலில் அடி, பொங்கலுக்கு வேண்டுமே என்று இரண்டாம் பாதியில் நிறுத்திவிட்டோம்.

பொருநைக்கரையான்:
அப்புறம் என்னவே? நீங்கள் ஆடியது ஒரு ஆட்டம் இல்லை, இரண்டு ஆட்டம். ஒன்று 15-17, இன்னொன்று 9-26. முதலாவது உங்கள் அணி, அதிலும் லெஃப்ட் கார்னர் இல்லாத அணி. இரண்டாவதில் இறங்கியவர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் கையைக்கூடச் சரியாகக் கோத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டையும் கூட்டி 24-43 என்று டீக்கடைப் பலகையில் எழுதினால் பார்க்கிறவனுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். பயிற்சி ஆட்டம் என்பதே தோற்றுப் பார்ப்பதற்குத்தானே. கமிட்டியில் இருக்கிற பெரியவர்கள் யாராவது பாளையங்கோட்டைக்கு வந்து ஆட்டத்தைப் பார்த்தார்களா?

நாங்குநேரிக்காத்து:
ஒருத்தரும் வரவில்லை. ஸ்கோர் மட்டும் வாட்ஸ்அப்பில் போனது.

பழைய_கார்னர்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தம்பிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். பதினைந்து வருஷம் குரும்பூர், சாத்தான்குளம், திசையன்விளை என்று ஒவ்வொரு களமாக ஆடி முட்டியைத் தேய்த்தவன் நான். 'பயிற்சி ஆட்டம்தானே' என்று சொல்லியே வீணாய்ப்போன அணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே வராத பிடி பந்தயத்தன்று ராத்திரி ஆயிரம் பேர் விசில் அடிக்கிறபோது மட்டும் எங்கிருந்து வரும்? 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்த மணத்தி கணேசன் எங்கள் பக்கத்துக்காரர், மறு வருஷம் அர்ஜுனா விருதும் வாங்கினார். அவர் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் காலத்தில் விடியற்காலை நாலரைக்கு எழுப்பி ஓட விடுவார்கள். பயிற்சியில் விளையாட்டாக இருந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது.

புள்ளியை விடுங்கள். இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கியதா இல்லையா, அதைச் சொல்லும். ஆள் மாற்றாமல் இருந்த மூணு பேர் எப்படி ஆடினார்கள்? அவர்களும் தளர்ந்திருந்தால் நோய் அங்கேதான் இருக்கிறது, பையனிடம் இல்லை. இருபது இருபது நிமிஷமாக இரண்டு பாதி, ஒரு ரைடுக்கு 30 வினாடி. இதில் பாடிப் போகிறவனை விடப் பிடிக்கிறவனுக்குத்தான் தொடை முதலில் சாகும்.

நாங்குநேரிக்காத்து:
அண்ணாச்சி, சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். கார்த்திகை முழுக்க மழை, களத்தில் தண்ணீர் கட்டி நின்றது, இரண்டு வாரமாக ஓட்டமே கிடையாது. கடைசிப் பத்து நிமிஷம் பையன்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். நிஜம்.

தலைவாஸ்_வெறியன்:
சீசனுக்கு முன்னால் கணக்குப் போடுகிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். 2022. நம்ம தமிழ் தலைவாஸ் அணிக்கு ஏலத்தில் 2.26 கோடி கொடுத்து ரைடர் பவன் செராவத்தை எடுத்தோம், அன்றைக்கு அதுதான் புரோ கபடியிலேயே பெரிய தொகை. கோப்பை வந்துவிட்டது என்று நானே நண்பர்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அணியும் முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். நரேந்தர் என்று ஒரு புதுப் பையன், அதுதான் அவனுக்கு முதல் சீசன், இருநூறு புள்ளிக்கு மேல் எடுத்தான். 2017இல் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவைகூட பிளேஆஃப் பார்க்காத அணி அரையிறுதி வரை போனது. இரண்டே புள்ளியில் புனேயிடம் தோற்றதை இப்போது நினைத்தாலும் சோறு இறங்காது, அது வேறு கதை.

2016 உலகக் கோப்பையையும் பாருங்கள். அகமதாபாத்தில் சொந்தக் கூட்டத்துக்கு முன்னால் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32-34 என்று தோற்றது இந்தியா. கடைசியில் கோப்பையை யார் தூக்கினார்கள்? இறுதியில் ஈரானை 38-29 என்று அடித்தோம். நம்ம சேரலாதன் இருந்த அணி அது. ஒரு தோல்வியை வைத்துப் பயப்படாதீர்கள்.

பழைய_கார்னர்:
தம்பி, பாதியைச் சொல்லிவிட்டுப் போகிறீரே. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியிலும் இதே கொரியாவிடம்தான் லீக் ஆட்டத்தில் 23-24 என்று தோற்றோம். 'ஒரு புள்ளிதானே, 2016லும் இப்படித்தானே' என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். அரையிறுதியில் ஈரான் 27-18. 1990இல் கபடி ஆசியப் போட்டிக்கு வந்த நாளிலிருந்து தங்கத்தைத் தவிர வேறு எதையும் வாங்காத நாம் வெண்கலத்தோடு வந்தோம். அதே எதிரி, அதே மாதிரி மயிரிழைத் தோல்வி, ஒன்று கோப்பையில் முடிந்தது, இன்னொன்று அழுகையில். தோல்வியை வைத்து ஜோசியம் பார்க்க முடியாது என்று நீர் சொன்னால் சரி, ஒத்துக்கொள்கிறேன். கண்டுகொள்ளாமல் விடலாம் என்றால் மாட்டேன். அதுபோக, அவை இரண்டுமே பந்தயம்தான், பயிற்சி ஆட்டம் இல்லை.

தலைவாஸ்_வெறியன்:
சரி அண்ணாச்சி, அந்த 2018ஐ வேண்டுமென்றே மறந்தேன்.

கிறைஸ்ட்சர்ச்_வள்ளியூரான்:
இந்தச் சண்டையை இங்கே நியூசிலாந்தில் ரக்பிக்காரர்களிடம் வருஷா வருஷம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் வாய் சும்மா இருக்கவில்லை. சூப்பர் ரக்பி என்கிற லீக் பிப்ரவரியில் தொடங்கும். அதற்கு முன்னால் சின்ன ஊர் மைதானங்களில் பயிற்சி ஆட்டம் வைப்பார்கள், நம்ம ஊர் மாதிரியே குடும்பத்தோடு பாயும் நாற்காலியும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்போம். பந்தயத்தில் 15 பேரும் மாற்றுக்கு 8 பேரும்தான். பயிற்சி ஆட்டத்தில் அந்தக் கணக்கெல்லாம் பார்க்க மாட்டார்கள், முதல் பாதிக்கு ஒரு கூட்டம், அடுத்த பாதிக்கு இன்னொரு கூட்டம் என்று இறக்குவார்கள். நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸ் வீரர்களுக்கு ஓய்வு அதிகம், அவர்கள் தாமதமாகத்தான் அணிக்கே வருவார்கள். ஆகவே ஸ்கோரைப் பார்த்து ஒன்றும் தெரியாது. ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போனால் ஒருத்தன் 'சீசன் முடிந்தது' என்று தலையில் கை வைத்திருப்பான், இன்னொருத்தன் கோப்பையையே தூக்கிவிட்டிருப்பான்.

இந்த ஊர் அணி குரூசேடர்ஸ். 2017 முதல் 2023 வரை ஒவ்வொரு வருஷமும் கோப்பை அவர்களுக்கே. பயிற்சியாளர் ஸ்காட் ராபர்ட்சன் ஆல் பிளாக்ஸுக்குப் போனார், ஆட்டத்தை வழிநடத்துகிற 10ஆம் எண் ஆட்டக்காரர் ரிச்சி மொவுங்கா ஜப்பானுக்குப் போனார், 2024இல் முதல் எட்டுக்குள்ளேயே வரவில்லை. மறு வருஷம் இறுதியில் சீஃப்ஸ் அணியை 16-12 என்று வென்று திரும்பவும் கோப்பை. அந்த இரண்டு வருஷமும் விவரம் தெரிந்த பெரிசுகள் பயிற்சி ஆட்டத்தில் ஒன்றைத்தான் பார்த்தார்கள்: அந்த 10ஆம் எண் சட்டையை யார் போடுகிறான், பந்து அவன் கைக்கு வரும்போது பக்கத்தில் இருக்கிறவன் சரியான நேரத்தில் ஓடி வருகிறானா. எத்தனைக்கு எத்தனை என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள்.

உங்களுக்கு அந்த 10ஆம் எண் திருப்பூரில் இருக்கிறது என்று நினைக்கிறேன். லெஃப்ட் கார்னர் இல்லாமல் கை கோத்த சங்கிலி எப்படிப் பிடிக்கும்? ரைடருக்கு ஐயாயிரம் கொடுப்பதற்குப் பதில் அவன் பஸ் காசையும் இரண்டு நாள் சம்பளத்தையும் கமிட்டி கொடுக்கலாமே.

பொருநைக்கரையான்:
இது யோசனை! வெளியூர் ஆளைக் கூட்டி வந்து கோப்பை வாங்கினாலும், மறுநாள் அந்தக் கோப்பையை ஊரில் யார் வீட்டில் வைப்பீர்கள்?

நாங்குநேரிக்காத்து:
நேற்று ராத்திரி உட்கார்ந்து வீடியோவை முழுக்கப் பார்த்தேன். என் சித்தி மகன் செல்போனில் எடுத்தது, பாதி நேரம் அவன் கட்டைவிரல்தான் தெரிகிறது. இருந்தாலும் பையனின் 11 ரைடையும் நோட்டில் எழுதினேன். பிடிபட்ட 6இல் 4 கணுக்கால் பிடி, நாலும் அவன் கூடுதல் புள்ளிக்காகப் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும்போது. அதில் இரண்டு முறை எதிரே ஐந்து பேர்தான் நின்றார்கள்!

பழைய_கார்னர்:
ஐந்து பேர் நிற்கும்போது போனஸே கிடையாதே, ஆறு பேராவது வேண்டுமே. இல்லாத புள்ளிக்குக் காலைக் கொடுத்திருக்கிறான். வெளியே உட்கார்ந்திருந்த நீங்கள் ஒருத்தர்கூட 'அஞ்சு பேருடா' என்று கத்தவில்லையா?

நாங்குநேரிக்காத்து:
இல்லை அண்ணாச்சி. எல்லோரும் நடுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

பழைய_கார்னர்:
நல்ல ஆட்கள்தான். சரி, கேளும். இது திறமைக் குறை இல்லை, எண்ணிக் கொடுக்க ஆள் இல்லாத குறை. பாடிப் போகிறவனுக்கு உள்ளே போனதும் கண் கார்னர் மேலேயே இருக்கும், தலையை எண்ண நேரம் இருக்காது. பயிற்சியில் ஒவ்வொரு ரைடுக்கும் முன்னால் எதிரே எத்தனை பேர் என்று அவனைச் சத்தமாகச் சொல்ல வையுங்கள், சொல்லிவிட்டுத்தான் கோட்டைத் தாண்டணும். பத்து நாளில் பழகிவிடும். அப்புறம் மேட் விரிப்பில் ஷூ போட்டு ஆடியதும் அவனுக்கு முதல் தடவையாக இருக்கும், மண்ணில் வெறுங்காலில் திரும்புகிற திருப்பம் அங்கே வராது. பொங்கல் ஆட்டம் மண்ணில்தானே? அப்போ அந்த ஆட்டத்தில் பாதியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஓட்டத்தை மட்டும் நாளைக் காலையிலேயே தொடங்குங்கள், குளத்துக்கரை ஈரமாக இருந்தால் ரோட்டில் ஓடுங்கள். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

நாங்குநேரிக்காத்து:
கமிட்டியில் நோட்டைக் காட்டினேன். தலைவர் பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'இன்னொரு ஆட்டம் வையுங்க, நானே வந்து பார்க்கிறேன், அப்புறம் முடிவு பண்ணலாம்' என்றார். வெளியூர் ஆள் விஷயம் அதுவரை நிறுத்தி வைப்பு. லெஃப்ட் கார்னர் சனிக்கிழமை ராத்திரி திருப்பூரில் பஸ் ஏறுகிறான். ஆகவே ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு, எங்கள் ஊர்க் களத்தில், மண்ணில், லைட் போட்டு ஆட்டம். எதிரே ஆட ஒரு அணி வேண்டும், பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பையன் இன்று காலை ஓட வந்துவிட்டான், யாரும் கூப்பிடவில்லை.

ஏர்வாடிக்_கவர்:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வருகிறோம், ஒன்பது பேர், ஒரு லோடு ஆட்டோ. கறிச்சோறு எல்லாம் வேண்டாம், டீயும் வடையும் போதும். ஆனால் பயிற்சி ஆட்டம் என்று சொல்லி எங்கள் கார்னர் இரண்டு பேரையும் நான் வெளியே உட்கார வைக்க மாட்டேன். கணுக்கால் விஷயத்தையும் அவர்கள் படித்துவிட்டார்கள், பையனிடம் சொல்லிவிடும்.