லோ குழுவின் கடைசி ஆல்பங்களில் அப்படி என்ன இருக்கிறது?

தண்டவாளம்:
லோ என்ற அமெரிக்க ராக் குழுவை எனக்கு 2001-இல் வந்த 'திங்ஸ் வி லாஸ்ட் இன் த ஃபயர்' வரைக்கும்தான் தெரியும். ஆமை வேகம், மெல்லிய கிட்டார், ஆலன் ஸ்பார்ஹாக்கும் அவர் மனைவி மிமி பார்க்கரும் சேர்ந்து பாடுவது. அப்புறம் வேலை, குடும்பம் என்று விட்டுப்போனது. போன வாரம் 'டபுள் நெகட்டிவ்' (2018) போட்டேன். முதல் பாட்டிலேயே ஸ்பீக்கர் கிழிந்த மாதிரி ஒரே கரகரப்பு. இதைத்தான் அவர்களுடைய உச்சம் என்கிறார்கள். 25 வருஷப் பழைய குழு புதுசாக எதையாவது செய்துவிட்டது என்ற ஆச்சரியத்தில் பாராட்டுகிறார்களா, நிஜமாகவே சரக்கு இருக்கிறதா?

ஃபேடர்மணி:
இருக்கிறது. நான் கச்சேரிகளில் மிக்சரில் உட்காருகிற ஆள். சத்தம் அளவு மீறிச் சிவப்பு விளக்கு எரிந்தால் கை தானாக ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபிடியை, இறக்கும். இந்த ஆல்பத்தில் அந்த விளக்கை வேண்டுமென்றே எரியவிட்டிருக்கிறார்கள். அடித்தாளம் விழும்போதெல்லாம் மற்ற சத்தம் மொத்தமும் உள்ளே அமுங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வருவதைக் கவனியுங்கள். நடன இசைக்காரர்கள் தினம் செய்கிற வேலைதான். ஆனால் அவர்கள் குதிக்க வைப்பதற்காகச் செய்வார்கள், இவர்கள் பாட்டையே மூழ்கடிக்கிறார்கள்.

அது நடந்த விதம்தான் முக்கியம். தயாரிப்பாளர் பி.ஜே. பர்ட்டனோடு 2015-இல் 'ஒன்ஸ் அண்ட் சிக்ஸஸ்' செய்தார்கள், விஸ்கான்சினில் உள்ள ஏப்ரல் பேஸ் ஸ்டுடியோவில். அடுத்து 'டபுள் நெகட்டிவ்' செய்யும்போது முடித்த பாட்டுகளை எடுத்துக்கொண்டு போகவில்லை. அரைகுறையாகக் கொண்டுபோய், பிய்த்துப்போட்டு, அங்கேயே கட்டினார்கள். இருபது வருஷம் ஒரே மாதிரி கை பழகியவர்களுக்கு இது லேசில் வராது.

ஒரே ஒரு பாட்டில் புரியவேண்டும் என்றால் 2021-இன் 'ஹே வாட்' ஆல்பத்தில் 'டேஸ் லைக் தீஸ்' கேளுங்கள். ஆரம்பத்தில் கிட்டத்தட்ட வெறும் குரல்கள், தேவாலயத்தில் பாடுவதுபோல. அதே மெட்டு திரும்ப வரும்போது குரல்களைச் சுற்றிச் சத்தம் வெடிக்கிறது. கிட்டாரா சிந்தசைசரா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு குரல்களின் சுருதி ஒரு இழை அசையாது. 1994-இன் முதல் ஆல்பத்தில் இருந்த அதே சேர்ந்திசைதான். அதை நம்பித்தான் மற்றதையெல்லாம் உடைக்கத் துணிந்தார்கள் என்பது என் கட்சி.

மழைக்காகம்:
ஃபேடர்மணி சொன்னதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். இருபது வருஷம் ஒரே மாதிரி இருந்துவிட்டுத் திடீரென மாறினார்கள் என்ற கதையைத்தான் ஏற்க முடியவில்லை. 2005-இல் தயாரிப்பாளர் டேவ் ஃப்ரிட்மனோடு செய்த 'த கிரேட் டிஸ்ட்ராயர்' கேட்டீர்களா? அப்போதே சத்தம் ஏறிவிட்டது. 2007-இன் 'டிரம்ஸ் அண்ட் கன்ஸ்' இன்னும் ஒரு படி மேல், வெட்டி ஒட்டிய தாளங்கள். அப்புறம் 2013-இல் மினியாபோலிஸ் விழா ஒன்றில் மழையில் ஏறி, கொடுத்த நேரம் முழுக்க ஒரே பாட்டை 27 நிமிஷம் இழுத்துவிட்டு இறங்கினார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் கடுப்பாகிவிட்டார்கள். 1993-இல் மினசோட்டா மாநிலத்து டுலூத் ஊரில் ஆரம்பித்தபோதும் அதே பிடிவாதம்தான். ஊரெல்லாம் கிரன்ஞ் என்ற இரைச்சல் ராக் அலறிக்கொண்டிருந்தபோது இவர்கள் சத்தத்தைக் குறைத்தார்கள். எல்லாரும் அமைதியானதும் கூட்டினார்கள், அவ்வளவுதான்.

தண்டவாளம்:
'டேஸ் லைக் தீஸ்' கேட்டேன். சரி, குரல் விஷயம் பிடிபட்டது. பாட்டின் பின்பாதி ஏன் அப்படிக் கரைந்துகொண்டே போகிறது என்று இன்னும் தெரியவில்லை. மிமி இப்போதும் நின்றுகொண்டுதான் டிரம்ஸ் வாசிக்கிறாரா? மேடையில் பார்க்க ஆசை.

ஃபேடர்மணி:
தம்பி, உங்களுக்குச் செய்தி எட்டவில்லை போல. மிமி 2022 நவம்பர் 5-ஆம் தேதி சினைப்பைப் புற்றுநோயில் இறந்துவிட்டார். குழு அதோடு முடிந்தது. 'ஹே வாட்' கடைசி ஆல்பம், பேஸ் கிட்டார் வாசிப்பவர்கூட இல்லாமல் இரண்டே பேர் செய்தது. ஆலன் 2024-இல் 'ஒயிட் ரோசஸ், மை காட்' என்று தனியாக ஒன்று போட்டார். அதில் தன் குரலை அடையாளமே தெரியாதபடி எந்திரத்தில் திரித்திருக்கிறார். எனக்கு அது இன்னும் முழுசாகக் கேட்க முடியவில்லை. 2025-இல் டிராம்பில்ட் பை டர்ட்டில்ஸ் என்ற குழுவோடு செய்த ஆல்பத்தில் பழையபடி சொந்தக் குரலில் பாடுகிறார், அதைக் கேளுங்கள். ஆனால் முதலில் 'டபுள் நெகட்டிவ்'இல் 'ஃப்ளை'. மிமி பாடியது.