நட்சத்திர அட்டையை எடுத்துவிடலாமா?

இரண்டாம் ஆண்டு ஆசிரியை:
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இரண்டாம் ஆண்டு வகுப்பின் 17 பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் சுவரில் பெயர் அட்டை ஒட்டி, நேரத்தோடு வருவது, குப்பை பொறுக்குவது, கதைப்புத்தகம் வாசிப்பது ஆகியவற்றுக்கு நட்சத்திரம் கொடுத்தேன். முதல் மாதம் வகுப்பே மாறிவிட்டது. இப்போதோ, கீழே கிடக்கும் காகிதத்தைத் தொடும் முன்பே "டீச்சர், நட்சத்திரம் உண்டா?" என்று கேட்கிறார்கள். தொடர்வதா, நிறுத்துவதா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். 1973-இல் வெளிவந்த ஆய்வொன்றில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள பாலர்பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது அக்குழந்தைகள் தாமாக வரைவது குறைந்திருந்தது. சொல்லாமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஆகவே வாசிப்புக்குக் கொடுக்கும் நட்சத்திரத்தை இன்றே நிறுத்துங்கள், ஏனெனில் கதை தானே இழுக்கக்கூடியது. குப்பை பொறுக்குவதில் எந்தப் பிள்ளைக்கும் பிறவி ஆசை இருந்ததில்லை (எனக்கும் இல்லை). அதற்குத் தொடக்கத்தில் ஓர் ஊக்கம் கொடுத்து, பழக்கமானதும் மெல்லக் குறைப்பதில் தவறில்லை. பாராட்டும்போது "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்லாமல், "ஓய்வு மணி அடித்ததும் தம்பிக்கு வழிவிட்டு வரிசையில் நின்றாய்" என்று செய்ததைச் சொல்லுங்கள்.

ஒரு தாயார்:
ஆசிரியர் அல்லாத நானும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். நான் பால்மரம் வெட்ட (ரப்பர் மரத்தில் பால் எடுக்க) போகிறவள். விடியும் முன்பே பிரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய்விடுவதால், என் மகன் பாட்டியோடுதான் கிளம்புகிறான், அடிக்கடி தாமதமாகிறது. அவன் படித்த பள்ளியிலும் இப்படி ஓர் அட்டை இருந்தது. அவன் பெயருக்கு எதிரே மட்டும் வெற்றிடம். அவன் நடத்தையை அல்ல, என் வேலை நேரத்தைத்தான் அந்த அட்டை ஊருக்குக் காட்டியது. அதன்பின் பள்ளிக்கே போகமாட்டேன் என்று அழுதான்.

நான்காம் ஆண்டு ஆசிரியர்:
அம்மா சொல்வது சரி. தனிப்பெயர் அட்டை வேண்டாம். குழுவாகச் செய்யும் முறை ஒன்று உண்டு. 1969-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் ஆகியோர் 24 மாணவர் கொண்ட நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, விதி மீறும் ஒவ்வொரு முறையும் அணிக்கு ஒரு குறி போட்டார்கள். குறிகள் எல்லைக்குள் இருந்தால் இரண்டு அணியும் வெல்லலாம். பரிசும் பெரிதல்ல, சாப்பாட்டு வரிசையில் முதலிடம் போன்றவைதான். இடையூறு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் ஆட்டத்திற்கு ஒத்துவராத இருவரை அணியிலிருந்து பிரிக்க வேண்டி வந்தது. உங்கள் வகுப்போ சிறியது. "உன்னால்தான் தோற்றோம்" என்ற பேச்சு பள்ளிப் பேருந்திலும் தொடரும். ஆகவே 17 பேரையும் ஒரே அணியாக வையுங்கள்.

இரண்டாம் ஆண்டு ஆசிரியை:
நன்றி ஐயா, அம்மா, சார். அம்மா எழுதியதைப் படித்ததும் என் அட்டையைப் போய்ப் பார்த்தேன். அதிலும் ஒரு பெயருக்கு எதிரே வெற்றிடம்தான். அதை இன்றே எடுத்துவிட்டேன். தாமதமாக வரும் அந்த மாணவனுக்கு, ஓய்வுக்குப் பிறகு வெண்பலகை துடைக்கும் பொறுப்பைக் கொடுக்கப் போகிறேன். குப்பைக்கு மட்டும் வகுப்பு முழுவதற்கும் ஒரு கண்ணாடிப் புட்டி, அதில் ரப்பர் விதைகள். புட்டி நிறைந்தால் என்ன தருவது என்பதை முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.