டிப்ஸை நீக்கிவிட்டுக் கையில் கொடுத்தால் அது யாருக்குப் போகும்?

நங்கூரம்:
பயணக் குறிப்புகள் திரியில் 'மேல்தளம்' நேற்று போட்ட அறிவுரை இது: "சொகுசுக் கப்பல்ல ஏறின அன்னைக்கே கெஸ்ட் சர்வீஸ் கவுண்டருக்குப் போய் தினசரி டிப்ஸை எடுக்கச் சொல்லுங்க. அந்தக் காசை ரூம் பையன் கையில குடுங்க. கம்பெனி நடுவுல புகுந்து திங்க முடியாது, முழுசா அவனுக்கே போகும்." படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. அதை நம்பி எத்தனை பேர் போய் வரிசையில் நிற்கப் போகிறார்களோ.

முழுசாக அவருக்குப் போகாது. தினசரி டிப்ஸ் என்பது கப்பல் கம்பெனி ஒவ்வொரு பயணியின் அறைக் கணக்கிலும் தானாகவே ஏற்றும் சேவைத் தொகை. பல கம்பெனிகளில் நடைமுறை இதுதான்: தினசரித் தொகையை நீங்கள் அப்படியே விட்டிருந்தால், அதற்கு மேல் கையில் கொடுப்பது ஊழியருக்கே சொந்தம். தொகையை நீக்கியிருந்தால், நீங்கள் கொடுத்த ரொக்கத்தை அவர், ஊழியர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். எந்த அறை நீக்கியது என்பது அறைக் கணக்கிலேயே இருக்கிறது. மறைத்து வைத்தது தெரிந்தால் வேலைக்கே உலை.

ராயல் கரீபியன் கப்பல் கம்பெனியில் 2025-இல் சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளுக்கு 18.50 டாலர், சூட் என்றால் 21. கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான். நான்கு பேர், ஐந்து இரவு என்றால் 370 டாலர். இது அறையைச் சுத்தம் செய்பவருக்கு மட்டுமான காசு இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுபவர், உதவியாளர், கண்ணுக்குத் தெரியாத ஹோட்டல் பிரிவு ஆட்கள் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு. அறைக்காரர் கையில் கொடுத்தால், மூன்று வேளையும் உங்களுக்குத் தட்டு எடுத்தவருக்கு என்ன கிடைக்கும்?

மேல்தளம்:
வந்துட்டாரு. விசா திரியிலயும் இவர்தான் எல்லாருக்கும் வாத்தியார்.

ஒரே கேள்விக்குப் பதில் சொல்லுங்க. ஒப்படைக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ல எந்த விதி எண்? எண்ணைச் சொல்லுங்க, பதிவை எடுத்துடறேன்.

நங்கூரம்:
சட்டம் என்று நான் எங்கே எழுதினேன்? கம்பெனி நடைமுறை என்று எழுதினேன். பந்தியில் பந்திக்காரர் சொல்கிறபடிதான் பரிமாறுவார்கள், அதற்கு நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியதில்லை.

மேல்தளம்:
அப்போ விதி எண் இல்ல. சரி.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. ஒப்பந்தத்துல 'உத்தரவாதத் தொகை'ன்னு ஒண்ணு இருக்கும். டிப்ஸ் பங்கும் சேர்ந்து மாசம் இவ்வளவுக்குக் குறையாதுன்னு எழுதியிருப்பாங்க. உதாரணத்துக்கு உத்தரவாதம் 1,200 டாலர்னு வைங்க. தொகுப்புலேருந்து வந்த பங்கையும் சேர்த்து 1,100 ஆச்சுன்னா கம்பெனி 100 போட்டு நிரப்பணும். அந்த மாசம் நீங்க டிப்ஸை நீக்கினா நஷ்டம் கம்பெனிக்கு, ஊழியருக்கு இல்ல. ஆக, மேல்தளம் சொல்றதுல நியாயம் இருக்கு.

நங்கூரம்:
பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு முழு விடை எழுதாதீர்கள் கணக்குப்பிள்ளை. அதே உதாரணத்தில் பங்கு சேர்ந்து 1,500 வந்த மாதத்தைப் பாருங்கள். நான்கு குடும்பம் நீக்கியதால் 1,300 ஆகிவிட்டது. உத்தரவாதமான 1,200-க்கு மேலேயே இருப்பதால் கம்பெனி ஒரு சென்ட் தராது. அந்த 200 டாலரும் ஊழியர் பையிலிருந்து போனதுதான். உத்தரவாதம் என்பது தரை. தரைக்குக் கீழே விழாமல் பிடிக்கும், மேலே ஏற்றி விடாது. கப்பல் நிறையும் விடுமுறைக் காலத்தில், அதாவது நாலு காசு கூடுதலாகப் பார்க்கும் மாதத்தில்தான் உங்கள் அறிவுரை அவரை அடிக்கிறது.

கணக்குப்பிள்ளை:
நான் பாதிக் கணக்குன்னா நீங்க மீதிப் பாதி. ஆள் குறைஞ்ச பயணங்களை நீங்க சேர்க்கவே இல்லையே.

இன்னொண்ணு பாருங்க. ராயல் கரீபியனோட ஐகான் ஆஃப் த சீஸ் கப்பல்ல அறைக்கு ரெண்டு பேர்னு 5,610 பயணிகள், ஊழியர் 2,350. 5,610 × 18.50 × 7 நாள் = 7,26,495 டாலர். வாரத்துக்கு! 2,350-ஆல வகுத்தா தலைக்கு 309 டாலர். இவ்வளவு காசு வர்ற இடத்துல ஏன் அழுகை?

வடம்:
2,350-ஆல் வகுத்தது தப்பு. எஞ்சின் அறை, மேல்தள மாலுமிகள், அதிகாரிகளுக்கு இந்தத் தொகுப்பில் பங்கில்லை. மது பரிமாறுபவருக்குத் தனியாக பில்லிலேயே 18 சதவீதம் போகிறது. ஸ்பா பெரும்பாலும் வேறு கம்பெனிக்குக் குத்தகை, அதுவும் தனி 18. ஆக வகுக்க வேண்டிய எண் சிறியது. சூட்காரர்களுக்கு 21, அதனால் பெருக்க வேண்டிய எண்ணும் வேறு. இரண்டு பக்கமும் தப்பான எண்ணைப் போட்டுவிட்டு '309' என்று துல்லியமாக எழுதுவதில் என்ன பெருமை?

மேல்தளம்:
விதி எண் இன்னும் வரல.

சிங்கைவாசி:
சிங்கப்பூர் மரினா பே முனையத்திலிருந்து கிளம்பும் பயணங்களுக்கு முன்பதிவு செய்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் சண்டையில் இது காணாமல் போகிறது. கிளம்பும் முன்பே டிப்ஸைக் கட்டிவிட்டால், பிறகு கட்டணம் ஏறினாலும் கட்டிய பழைய விலைதான். மதுவுக்கான பில்லில் 18 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். 14 டாலர் பானம் 16.52 ஆகிறது. அதே ரசீதில் கீழே 'கூடுதல் டிப்ஸ்' என்று காலிக் கோடு இருக்கும், அவசரத்தில் அங்கே இன்னொரு 2 டாலர் எழுதிவிடுகிறார்கள். கட்டாயம் இல்லை. நாளுக்கு 80 டாலர் பான பேக்கேஜ் என்றாலும் 14.40 ஏறி 94.40. இந்தப் 18-ஐ கவுண்டரில் நீக்க முடியாது. தினசரித் தொகையைத்தான் நீக்கலாம், அதுவும் கணக்கு மூடும் முன்.

அப்புறம், தயவுசெய்து 'ரூம் பையன்' என்று எழுதாதீர்கள். அவர்களில் பலர் நாற்பது வயதைத் தாண்டியவர்கள், ஊரில் பிள்ளைகளைக் காலேஜில் படிக்க வைப்பவர்கள்.

மேல்தளம்:
பையன்னா பாசத்துல சொல்றது. இதுக்கும் ஒரு சண்டையா?

சிங்கைவாசி:
உங்கள் அலுவலகத்தில் நாற்பது வயதுக்காரரைப் 'பையா' என்று பாசமாகக் கூப்பிட்டுப் பாருங்கள்.

நங்கூரம்:
சிங்கைவாசி சொன்னது சரி. நாம் ஸ்டூவர்ட் என்றே எழுதுவோம்.

மேல்தளத்துக்கு விதி எண் வேண்டுமாம். டிப்ஸைத் தொகுப்பில் சேர்ப்பது தொழிற்சங்கத்துடன் போடும் கூட்டு ஒப்பந்தத்திலும் கம்பெனிக் கையேட்டிலும் இருக்கும் விஷயம். ராயல் கரீபியன் ஊழியர்களுக்காகக் கையெழுத்துப் போடுவது நார்வே கடலோடிகள் சங்கம். உடன்படிக்கையில் நீங்கள் பார்க்க வேண்டியது தர விதி ஏ2.2. மாதத்துக்கு ஒரு முறையாவது சம்பளம் தர வேண்டும்; என்ன சேர வேண்டும், எவ்வளவு கொடுத்தார்கள், எந்த நாணய மாற்று விகிதத்தில் என்று மாதாந்திரக் கணக்குச் சீட்டும் தர வேண்டும். தொகுப்பில் வந்த பங்கை அந்தச் சீட்டில் பார்த்துக் கேள்வி கேட்கலாம். கையில் மடித்துக் கொடுத்த இருபது டாலருக்குச் சீட்டு ஏது?

டிப்ஸைப் பங்கு போடுவது நீதிமன்றம் வரை போன சங்கதிதான். செலிபிரிட்டி என்ற கம்பெனியின் கப்பல்களில் வேலை பார்த்த ஓர் அறை ஸ்டூவர்ட், தன் டிப்ஸில் ஒரு பகுதியை உதவி ஸ்டூவர்டுக்குத் தர வைத்தார்கள் என்று வழக்குப் போட்டார். 2007-இல் அமெரிக்காவின் பதினோராம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தப்படி நடுவர் மன்றத்துக்குப் போ என்று அனுப்பிவிட்டது. ஒரு கை டிப்ஸ் இன்னொரு கைக்குப் போவது கட்டுக்கதை என்றால் அவர் எதற்கு வழக்குப் போட்டார்?

மேல்தளம்:
அது பரிமாறிக்கிற பங்கு. நான் கேட்டது ரொக்கம். பயணி கையில குடுத்த ரொக்கத்தை ஒப்படைக்கணும்ங்கிற விதி எங்க? சுத்திச் சுத்தி வர்றீங்க.

நேராவே கேக்கறேன். சம்பளத்தைக் கம்பெனி குடுக்காம என் தலையில ஏன் கட்டறான்? உலகத் தொழிலாளர் அமைப்பு மாலுமிக்கு 2025-ல மாசம் 673 டாலர் குறைந்தபட்சம்னு சொல்லியிருக்கு. அதைக் குடுத்துட்டு டிப்ஸை எனக்கு விட்டுடட்டும்.

வடம்:
673 என்பது கப்பலோட்டும் தேர்ந்த மாலுமிக்கு, அடிப்படைச் சம்பளம். அதுவும் வழிகாட்டுதல் பகுதியில் வருகிறது, கட்டாயப் பகுதியில் இல்லை. அறை ஸ்டூவர்டுக்கு அந்த எண்ணை நீட்டுவது லாரி ஓட்டுநர் சம்பளத்தைச் சமையல்காரருக்குக் காட்டுவது மாதிரி.

அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பினாலும் கொடி, அதாவது கப்பல் பதிவாகியிருக்கும் நாடு, பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா. அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அந்நியக் கொடிக் கப்பல் மாலுமிக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஹவாய்த் தீவுகளைச் சுற்றும் பிரைட் ஆஃப் அமெரிக்கா அமெரிக்கக் கொடி, அதற்குப் பொருந்தும். ஆனால் அதிலும் தினசரிச் சேவைக் கட்டணம் வசூலிக்கிறார்கள். ஆகவே சம்பளம் ஏறினால் டிப்ஸ் போய்விடும் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
பி அண்ட் ஓ குரூஸஸ் 2019 மே மாசத்துலேருந்து பிரிட்டன்ல டிப்ஸை எடுத்துட்டு டிக்கெட்டுக்குள்ள சேர்த்துட்டாங்க. அதுக்கு முன்னாடி ஆளுக்கு நாளுக்கு 7 பவுண்டு. ஜெர்மனியில 2015-லயே கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் கட்டாயச் சேவைக் கட்டணத்தை விளம்பர விலையிலயே சேர்த்துக் காட்டணும்னு சொல்லிடுச்சு. கலிபோர்னியாவுல 2024 ஜூலை 1 முதல் கட்டாயக் கட்டணத்தை மறைச்சு விலை போட முடியாது. ஆனா டிப்ஸை நீக்கலாம்ங்கிறதால அது கட்டாயம் இல்லைன்னு வெளியே வச்சுட்டாங்க. புரியுதா வடம்? கவுண்டர்ல நீக்கற உரிமை இருக்கறதாலதான் விளம்பரத்துல விலை கம்மியாத் தெரியுது. அந்த உரிமையைப் பயன்படுத்தறவனைக் கஞ்சன்னு திட்டறீங்க.

நங்கூரம்:
நான் எவரையும் கஞ்சன் என்று எழுதவில்லை. 370 டாலரை நீக்கிவிட்டு 50 டாலரைக் கையில் வைத்து, 'நேரடியாக உதவினேன்' என்று பதிவு போடுவதைத்தான் தவறு என்கிறேன். சேவை பிடிக்கவில்லை என்றால் இரண்டாம் நாளே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், சரி செய்ய நேரம் இருக்கும். பிடித்திருந்தால் தொகையை விட்டுவிட்டு மேலே கொடுங்கள், அது அவருக்கே. பயணம் முடிந்ததும் வரும் கருத்துப் படிவத்தில் பெயரைச் சரியாக எழுதுங்கள், அது பதவி உயர்வுக்கு உதவும். இதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?

மேல்தளம்:
வேலை நேரத்தையும் பாருங்க. வாரம் 91 மணி நேரம் உழைக்க வைக்கிறான். அந்தப் பாவத்துக்கு நான் பங்குதாரரா?

வடம்:
91 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துதான் எழுதுகிறீர்களா? அதே உடன்படிக்கையின் விதி 2.3 கொடி நாட்டுக்கு இரண்டு வழி தருகிறது. ஒன்று, அதிகபட்ச வேலை 24 மணியில் 14, வாரத்தில் 72. இல்லை, குறைந்தபட்ச ஓய்வு 24 மணியில் 10, வாரத்தில் 77. 168-இல் 77 போனால் 91, அது எட்டக்கூடிய உச்சி. ஓய்வையும் இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, அதில் ஒரு துண்டாவது 6 மணிக்குக் குறையக் கூடாது. மீறல் நடப்பது பயணிகள் இறங்கி அடுத்த கூட்டம் ஏறும் நாளில். காலையில் அறை காலியாகி மதியத்துக்குள் தயாராக வேண்டும், எழுதுகிற ஓய்வு நேரம் ஒன்று, எடுத்தது ஒன்று. அதைத் துறைமுக ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். டிப்ஸை நீக்கினால் அந்த நேரம் ஒரு நிமிடம் குறையுமா?

மேல்தளம்:
ஏஜென்டுக்கு லட்சக்கணக்குல கட்டிட்டுத்தான் கப்பலேறுறாங்க. அதையும் பயணிதான் அடைக்கணுமா?

நங்கூரம்:
இதற்கு மட்டும் விதி எண் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்: தர விதி ஏ1.4. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் பதிவேடான சிடிசி, பாஸ்போர்ட், இவ்வளவுக்குத்தான் ஊழியர் செலவழிக்கலாம். விசாச் செலவு கப்பல் முதலாளியுடையது. வேலை வாங்கித் தரக் காசு கேட்பது குற்றம். இந்தியாவில் என்றால் ஏஜென்டிடம் ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிமத்தின் எண்ணைக் கேளுங்கள், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத் தளத்தில் அது செல்லுபடியா என்று பாருங்கள். எண் தர மறுத்தால் அடுத்த ரூபாயைக் கட்டாதீர்கள். இதைப் படிக்கும் இளைஞர்களுக்காகச் சொல்கிறேன், உங்களுக்காக இல்லை.

கணக்குப்பிள்ளை:
சம்பளத்தை என்ஆர்இ கணக்குல, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் வங்கிக் கணக்குல போட்டா வரியில்லைன்னு வருமான வரித் துறையோட 2017 சுற்றறிக்கை 13 இருக்கு. டிப்ஸ் ரொக்கமா ஊருக்குக் கொண்டு வந்தா? அதை யாராவது பேசுங்களேன்.

வடம்:
அது அந்நியக் கப்பலில் வேலை செய்யும் வெளிநாடுவாழ் நிலையில் உள்ளவருக்கு. முதலில் இந்தியாவில் இருந்த நாள் 182-க்குக் குறைவா என்று எண்ணுங்கள், பிறகு சுற்றறிக்கை. புதுத் திரி தொடங்குங்கள், இதில் கலக்காதீர்கள்.

மேல்தளம்:
ஏ1.4, ஏ2.2, 2.3 எல்லாம் வந்துடுச்சு. ரொக்கத்தை ஒப்படைக்கணும்ங்கிற எண் மட்டும் வரல. என் பதிவு அப்படியேதான் இருக்கும்.

நங்கூரம்:
இருக்கட்டும். அதன் கீழே இந்தத் திரியின் இணைப்பைப் போட்டுவிட்டேன். எடுத்தால் மறுபடி போடுவேன்.