மதியம் மட்டும் கூலிங் இல்லை: 1.5 டன் ஸ்பிளிட் ஏசி, திருவொற்றியூர்

கடலோரம்:
1.5 டன் ஸ்பிளிட், இன்வெர்ட்டர் இல்லாத சாதா மாடல், ஆர்32 கேஸ், வாங்கி 5 வருஷம். அவுட்டோர் யூனிட் மொட்டை மாடியில், கடல் பார்த்த பக்கம். ராத்திரி 24ல் வைத்தால் போர்வை கேட்கிறது. மதியம் போட்டால் அரை மணி நேரம் குளிர்ந்துவிட்டு அப்புறம் வெறும் காத்துதான். அந்த நேரம் மாடியில் ஃபேன் சுத்துகிறது, கம்ப்ரஸர் சத்தம் மட்டும் இல்லை. கொஞ்சம் விட்டால் தானாக ஓடுகிறது. ஃபில்டர் கழுவியாச்சு. மெக்கானிக் வந்து பார்க்காமலே போனில் "கேஸ் கம்மி, ஏத்திடலாம்" என்கிறார். ஏத்தலாமா?

கண்டென்ஸர்காரன்:
வேணாம் சார். கேஸ் கம்மின்னா ராத்திரியும் கூலிங் குறையும், அவுட்டோர்ல சின்ன பைப் வால்வுல ஐஸ் பிடிக்கும். உங்களது ஓவர்லோடு ட்ரிப். கம்ப்ரஸர் சூடேறினதும் ஓவர்லோடுங்கிற பாதுகாப்பு சுவிட்ச் கட் பண்ணுது, ஆறினதும் சேருது. சூடு ஏன் வெளியே போகலைன்னு பாருங்க.

முதல் சந்தேகம் அவுட்டோர் யூனிட் பின்பக்க ஃபின், அதாவது சூட்டை வெளியேத்துற மெல்லிய அலுமினியத் தகடு. எண்ணூர் ஹைரோடு பக்கம் உப்புக்காத்தோட கன்டெய்னர் லாரிப் புழுதியும் சேர்ந்து அடைச்சிக்கும். ஏசிக்கு கரன்ட் போற எம்சிபி சுவிட்சை இறக்கிட்டு ஃபின்னை லேசா தொட்டுப் பாருங்க. பொடியா உதிர்ந்தா கழுவி பிரயோஜனம் இல்லை, ஃபின்னும் பைப்பும் சேர்ந்த காயிலையே மாத்தணும். அழுக்கு மட்டும்னா ஹோஸ் பைப்ல மெதுவா, உள்ளேருந்து வெளியே தள்ளுற மாதிரி அடிங்க. வயரிங் பெட்டி மேல தண்ணி படக்கூடாது. பிரஷர் வாஷர் ஃபின்னை மடக்கிடும். ஆசிட் கலந்த கிளீனர் அலுமினியத்தைத் தின்னும். போர் தண்ணி உப்பா இருந்தா அதுவும் வேணாம், மெட்ரோ வாட்டர் எடுத்துக்குங்க. கடலோர வீட்டுக்கு மாசம் ஒரு தடவை இந்தக் கழுவல் அவசியம்.

மல்டிமீட்டர்:
மேலே சொன்னதோடு கம்ப்ரஸர் கிளம்பி ஓட உதவும் கெப்பாசிட்டரையும் பாருங்கள். 1.5 டன்னுக்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரோஃபேரட், ஆனால் லேபிளில் அச்சிட்டதுதான் கணக்கு. பவரை நிறுத்தினாலும் அதில் சார்ஜ் நிற்கும். டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கம்ப்ரஸர் ஓடும்போது ஏசி பிளக்கில் வோல்டேஜும் பார்க்கணும். 200க்குக் கீழே இறங்கினால் கம்ப்ரஸர் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். பிளக் பின் கருகியிருந்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

கடலோரம்:
கழுவினேன், ஃபின் உதிரவில்லை, ஆனால் தண்ணீர் கருப்பாக வந்தது. இப்போது மதியம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது, பிறகு பழைய கதை. வோல்டேஜ் 218. எலக்ட்ரீஷியன் அளந்ததில் கெப்பாசிட்டரில் போட்டிருப்பது 50, மீட்டர் காட்டுவது 41.

மல்டிமீட்டர்:
அதுதான். 5 சதவீதம் குறையலாம், அதாவது 47.5 வரை. 41 என்றால் மாற்றியே ஆகணும். அதே 50, 440 வோல்ட் வாங்குங்கள். கடையில் 45தான் இருக்கிறது என்று தலையில் கட்டுவார்கள், வேண்டாம். ஃபேன் கெப்பாசிட்டரையும் அளக்கச் சொல்லுங்கள். அது சோர்ந்தால் ஃபேன் சுத்தும், வேகம்தான் இருக்காது.

கண்டென்ஸர்காரன்:
மாத்தின பிறகு இன்டோர்ல மேலே உள்ளே போற காத்துக்கும் கீழே வெளியே வர்ற காத்துக்கும் 8லேர்ந்து 12 டிகிரி வித்தியாசம் இருக்கான்னு தெர்மாமீட்டர் வச்சிப் பாருங்க. இருந்தா கேஸ் பேச்சே வேணாம். கேஸ் தேயற சாமான் இல்லை, லீக் இருந்தாதான் குறையும். லீக் இருந்தா, பைப்பை யூனிட்டோட சேர்க்கிற ஃப்ளேர் நட்டுல எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். ஏசியை நிறுத்தி வச்சி பிரஷர் கேஜ்ல 300 பிஎஸ்ஐ காட்டி "பாருங்க"ன்னு சொன்னாலும் மயங்காதீங்க, வெயிலுக்கு ஆர்32 அப்படித்தான் நிக்கும், கேஸ் அளவு அதுல தெரியாது. நிஜமாவே ஏத்தணும்னா நைட்ரஜன் போட்டு லீக் பார்த்து, பைப்ல இருக்கிற காத்தைப் பம்ப் வச்சி இழுத்து வேக்கம் எடுத்து, ஸ்டிக்கர்ல போட்ட கிராம் கணக்குக்குத் தராசு வச்சி ஏத்தச் சொல்லுங்க. தராசு இல்லாம வர்ற ஆளைத் திருப்பி அனுப்பிடலாம்.