பழைய நூற்பாலையில் கலைப் பள்ளி: பெரிய கூடத்தைச் சுவர் எழுப்பித் தடுக்கலாமா?

கேள்வி:
பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஒரு நூற்பாலைக் கட்டடத்தில் ஓவியம், மட்பாண்டக் கலை, அச்சுக்கலை, இசை ஆகியவற்றைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்க இருக்கிறோம். தூண்கள் மட்டுமே குறுக்கிடும் ஒரே பெரிய கூடம் அது. ரம்பப் பற்களைப் போல வரிசையாக எழும் கூரையின் கண்ணாடிப் பக்கங்கள் எல்லாம் வடக்கு நோக்கியவை. வகுப்புக்கு ஓர் அறை என்று கூரை வரை சுவர் எழுப்பிவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். கட்டடத்தின் அழகே போய்விடுமோ என்று தயங்குகிறோம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
அழகு இருக்கட்டும், முதலில் போவது வெளிச்சம். அறுந்த இழையைத் தொழிலாளி கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, நேர் வெயிலைத் தவிர்த்து வானத்தின் சீரான ஒளியை மட்டும் உள்ளே விடும்படி அமைத்த கூரை அது. நிழல் இடம் மாறிக்கொண்டே இருந்தால் வரைய முடியாதவர்களுக்கும் அதே ஒளிதான் வேண்டும். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில், இரும்புப் பீப்பாய்கள் செய்த பழைய தொழிற்சாலையைப் பண்பாட்டு மையமாக மாற்றிய லீனா போ பார்தி, பயிற்சிப் பட்டறைகளுக்கு நடுவே கூரையைத் தொடாத தாழ்வான சிமென்ட் கல் சுவர்களையே எழுப்பினார். 1982இல் திறக்கப்பட்ட அந்த மையத்தின் படங்களை உங்கள் ஒப்பந்ததாரரிடம் காட்டுங்கள்.

பதில் 2:
ஓவியத்துக்கும் அச்சுக்கும் தாழ்வான சுவர் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இசைக்கு அது உதவாது. செங்கல், கான்கிரீட், கண்ணாடி மூன்றுமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டி, ஓசை அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். பாடம் நடத்தும் அறையில் அது 0.6 விநாடியளவில் இருக்க வேண்டும். இசை வகுப்பைப் பழைய சுவரையும் தூணையும் தொடாமல், தனித் தளம், தனிக் கூரையுடன், பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டுவதே வழி. ஓவியப் பக்கத்திலும் கூரையின் அடிப்புறத்தில் ஒலி உறிஞ்சும் பலகைகளைப் பொருத்தாவிட்டால் ஆசிரியரின் தொண்டைதான் பாடுபடும்.

பதில் 3:
சுவரைப் பற்றிப் பேசும் முன் தரையையும் உத்தரங்களையும் பாருங்கள். இயந்திர எண்ணெய் ஊறிய கான்கிரீட்டின் மேல் நேரடியாகப் பூச்சு அடித்தால், எண்ணெய் மேலேறி, சில மாதங்களில் அப்பளம் போல உரிந்து வரும். உத்தரங்களின் மேல் படிந்திருக்கும் பஞ்சுத் தூசி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், அதை முழுவதும் உறிஞ்சி எடுக்காமல் மட்பாண்டச் சூளையை உள்ளே கொண்டுவர வேண்டாம். பழைய பெயின்டில் ஈயமும் கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸும் உள்ளனவா என்று ஆய்வகத்தில் சோதித்த பிறகே எதையும் சுரண்டவோ துளையிடவோ தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று கைதட்டிப் பார்த்தோம். நான்கு விநாடிக்கு மேல் ஓசை நின்றது. இசைக்கு மட்டும் தனிப் பெட்டி என்று வரைபடத்தைத் திருத்தச் சொல்லியிருக்கிறோம். பெயின்டையும் தகட்டையும் சோதனைக்கு அனுப்புகிறோம்.